ஒற்றை வரியில் மோசடி தெரிவதில்லை

இணையத்தில் ஒருவர் அட்டை மூலம் பணம் செலுத்தும்போது, அந்த அட்டையை வழங்கிய வங்கிக்கு ஒரு சிறு செய்தி வந்து சேர்கிறது. பெரும்பாலும் ஐஎஸ்ஓ 8583 என்ற தரநிலையை ஒட்டி அமைந்த அச்செய்தியில் அட்டை எண், தொகை, நேரம், வணிகரின் அடையாள எண், அவர் செய்யும் வணிகத்தின் வகையைக் குறிக்கும் நான்கு இலக்கக் குறியீடு, நாடு, நாணயம், அட்டை விவரம் எவ்வாறு உள்ளிடப்பட்டது என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். வாங்குபவரின் முகம் அதில் இல்லை. அவர் என்ன பொருளை வாங்கினார் என்பதுகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தச் சில விவரங்களை வைத்துக்கொண்டு, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள், அனுமதிப்பதா மறுப்பதா என்று வங்கி முடிவு செய்தாக வேண்டும்.

மோசடிப் பரிவர்த்தனை ஒன்றையும் நேர்மையான பரிவர்த்தனை ஒன்றையும் அருகருகே வைத்து இந்தச் செய்திகளை மட்டும் படித்துப் பார்த்தால், எது எது என்று அனுபவமுள்ளவராலும் சொல்ல முடியாது. திருடப்பட்ட அட்டையின் எண்ணும் காலாவதித் தேதியும் பாதுகாப்பு எண்ணும் சரியாகவே இருக்கின்றன. தொகை வழக்கமான தொகை. வணிகரும் ஊரறிந்த வணிகர். மோசடி செய்பவர் தன் உழைப்பு முழுவதையும் தரவில் ஒரு வரியாகப் பதிவாகும் இச்செய்தி இயல்பாகத் தெரிவதற்கே செலவிடுகிறார். ஆகவே அந்த வரியையே மேலும் மேலும் உற்றுப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை என்பது, இத்தகைய தரவுகளோடு நாள்தோறும் வேலை செய்யும் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து. அந்த வரியை எந்தெந்த வரிகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் கண்டறிதல் அடங்கியிருக்கிறது. இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் எந்த அல்காரிதம் சிறந்தது என்று நெடுநேரம் விவாதிக்கிறார்கள்; எதை எதோடு சேர்ப்பது என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் பாதியைக்கூடக் கொடுப்பதில்லை.

பயில்பவர்கள் பெரும்பாலும் முதலில் சந்திக்கும் தரவுத் தொகுப்பு, பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் இயந்திரக் கற்றல் குழுவும் வேர்ல்ட்லைன் என்ற பணப் பரிமாற்ற நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டது. 2013 செப்டம்பரில் ஐரோப்பிய அட்டைதாரர்கள் 2 நாட்களில் செய்த 2,84,807 பரிவர்த்தனைகள் அதில் உள்ளன. அவற்றில் 492 மட்டுமே மோசடி. எதையும் ஆராயாமல் அனைத்தையும் நேர்மையானவை என்று அறிவிக்கும் ஒரு நிரல்கூட இத்தொகுப்பில் 99.83 விழுக்காடு துல்லியம் பெற்றுவிடும், ஒரு மோசடியைக்கூடப் பிடிக்காமலே. துல்லிய விழுக்காட்டை மட்டும் காட்டும் எந்த அறிக்கையையும் நான் மேற்கொண்டு படிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

மோசடி இவ்வளவு அரிதாக இருப்பதன் விளைவைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1,00,000 பரிவர்த்தனைகளில் 170 மோசடி என்று கொள்வோம். மோசடிகளில் 90 விழுக்காட்டைப் பிடிக்கும், நேர்மையானவற்றில் 1 விழுக்காட்டை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும் ஒரு நல்ல கண்டறிவான் நம்மிடம் இருக்கிறது. அது 153 மோசடிகளைப் பிடிக்கும். அதோடு ஏறத்தாழ 998 நேர்மையான பரிவர்த்தனைகளையும் பிடித்து நிறுத்தும். எச்சரிக்கை பெற்ற 1,151 பேரில் ஆயிரம் பேருக்கு நெருக்கமானோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். ஒரு விழுக்காடு என்று சொல்லும்போது சிறிதாகத் தெரிவது, மனிதர்களாக எண்ணும்போது இவ்வளவு ஆகிவிடுகிறது. கண்டறிவானை எத்தனை முறை மெருகேற்றினாலும் இந்தக் கணக்கின் அடிப்படை மாறாது. சந்தேகப்படுவதற்கான காரணம் வேறோர் இடத்திலிருந்து வந்தாக வேண்டும்.

அந்த வேறோர் இடம், முதலில், அதே அட்டையின் கடந்த காலம். கடைசி ஒரு மணி நேரத்தில் இந்த அட்டையில் எத்தனை முயற்சிகள், கடைசி 24 மணி நேரத்தில் எவ்வளவு தொகை, இந்த வணிகரிடம் இவர் முன்பு எப்போதாவது வாங்கியிருக்கிறாரா, இந்தச் சாதனம் இந்தக் கணக்கில் இதற்கு முன் தென்பட்டதா, வழக்கமான தொகையிலிருந்து இது எவ்வளவு விலகுகிறது என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு புதிய எண்ணாக அந்த வரியில் சேர்கின்றன. வந்த செய்தியில் இல்லாத இந்த எண்களே பிறகு மாடலின், அதாவது பழைய தரவிலிருந்து கற்றுக்கொண்டு புதிய வரியைக் கணிக்கும் நிரலின், முடிவைத் தீர்மானிக்கின்றன. எச்என்சி என்ற நிறுவனம் 1992-இல் நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு ஃபால்கன் என்ற மோசடி கண்டறியும் அமைப்பை உருவாக்கிய காலத்திலிருந்தே, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு நடத்தைச் சுருக்கத்தைப் பராமரித்து அதற்கு எதிராகப் புதிய பரிவர்த்தனையை அளப்பது என்ற முறை இத்துறையில் வேரூன்றியிருக்கிறது.

கடந்த காலத்தைச் சுருக்குவதிலும் நுட்பம் வேண்டும். ஒருவர் வழக்கமாக எந்த நேரத்தில் பணம் செலுத்துகிறார் என்பதை அறிய, நேரங்களின் சராசரியை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்கு ஒரு முறையும் நள்ளிரவு கடந்து 1 மணிக்கு ஒரு முறையும் வாங்குபவரின் சராசரி நேரம், 23-ஐயும் 1-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால், நண்பகல் 12 மணி என்று வரும். அவர் ஒருபோதும் பணம் செலுத்தாத நேரம் அவருடைய இயல்பு நேரமாகிவிடும். நள்ளிரவில் அவர் வழக்கம்போல் செய்யும் பரிவர்த்தனையோ சந்தேகத்திற்குரியதாகிவிடும். நேரத்தைக் கோடாக எடுத்துக்கொள்ளாமல் வட்டமாக எடுத்துக்கொண்டு, கோணங்களுக்குரிய வான் மீசஸ் பரவலைப் பயன்படுத்தினால் இந்தக் கோளாறு தீரும். இது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இரவுப் பணி செய்பவர்கள் எத்தனை பேர் இந்தச் சராசரியால் அலைக்கழிக்கப்படுவார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இதன் எடை விளங்கும்.

ஆனால் 'அதே அட்டை' அல்லது 'அதே ஆள்' என்பதே தரவில் தெளிவாக இருப்பதில்லை. 2019-இல் வெஸ்டா என்ற நிறுவனம் தந்த தரவை வைத்து நடந்த ஐஇஇஇ-சிஐஎஸ் என்ற பொறியாளர் சங்கப் பிரிவின் மோசடி கண்டறிதல் போட்டி இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. மாடல் கற்பதற்கான பயிற்சிக்கென்று 5,90,540 பரிவர்த்தனைகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் சுமார் 3.5 விழுக்காடு மோசடி. நூற்றுக்கணக்கான புலங்கள், அதாவது ஒவ்வொரு வரியிலும் தனித்தனி விவரங்களுக்கான இடங்கள், இருந்தும், இவை எந்த வாடிக்கையாளருடையவை என்று சொல்லும் புலம் எதுவும் இல்லை. பல புலங்களின் பொருளும் மறைக்கப்பட்டிருந்தது. முதலிடம் பெற்ற அணி அதில் 'டி1' என்ற ஒரு புலத்தின் தன்மையைக் கவனித்தது: அது, அட்டை பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை நாட்கள் கடந்திருக்கின்றன என்பதைக் காட்டுவதுபோல் நாளுக்கு நாள் ஒன்றாகக் கூடிக்கொண்டே போனது. பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால், ஒரே அட்டையின் எல்லா வரிகளிலும் ஒரே விடை கிடைக்கும். அந்த விடையோடு அட்டை சார்ந்த ஓர் எண்ணையும் முகவரி சார்ந்த ஓர் எண்ணையும் சேர்த்தபோது, சிதறிக் கிடந்த வரிகள் ஆள் ஆளாகப் பிரிந்து நின்றன.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததும் கவனத்துக்குரியது. அந்த ஆள் அடையாளத்தை அப்படியே மாடலுக்குக் கொடுத்திருந்தால், மாடல் குறிப்பிட்ட ஆட்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். மாடலைச் சோதிப்பதற்கான தேர்வுத் தரவில் வந்த புதிய ஆட்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே அடையாளத்தை விலக்கிவிட்டு, அந்த ஆளின் வரிகளிலிருந்து கிடைத்த சராசரிகளையும் விலகல்களையும் மட்டும் கொடுத்தார்கள். யார் என்பதை விட்டுவிட்டு எப்படி நடந்துகொள்கிறார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த முறையையே நான் எங்கும் வலியுறுத்துவேன். அது நன்றாக வேலை செய்கிறது என்பது ஒரு காரணம். தனிமனிதரின் அடையாளத்தை எங்கும் சிதறவிடாமல் இருக்கிறது என்பது மற்றொரு காரணம்.

ஓர் அட்டையின் வரலாறு எதையும் காட்டாத மோசடிகளும் உண்டு. திருட்டு அட்டை எண்களைக் கட்டாக வாங்கியவர்கள், அவற்றில் எது இன்னும் செல்லுபடியாகிறது என்று அறிய மிகச் சிறிய தொகைகளைச் செலுத்திப் பார்க்கிறார்கள். வேறு சிலர் எண்களைத் தாங்களே உருவாக்குகிறார்கள். அட்டை எண்ணின் முன்பகுதி வழங்கிய வங்கியைக் குறிக்கிறது, அது வெளிப்படையானது. கடைசி இலக்கம் லுன் சூத்திரப்படி அமையும் சரிபார்ப்பு இலக்கம். ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லுன் 1960-இல் காப்புரிமை பெற்ற அந்தச் சூத்திரம், எண்ணைத் தட்டச்சு செய்யும்போது நேரும் பிழையைப் பிடிக்கவே ஏற்பட்டது. மனம்போன போக்கில் எழுதும் எண்களிலும் பத்தில் ஒன்று அதில் தேறிவிடும். எஞ்சிய இலக்கங்களையும் காலாவதித் தேதியையும் நிரல் ஒன்று மாற்றி மாற்றி முயன்றுகொண்டே இருக்கும்.

இதை ஒவ்வோர் அட்டைதாரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே ஒரு சிறு தொகை, அதுவும் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. எந்த எச்சரிக்கையும் எழாது. அதே வரிகளை வணிகரின் பெயரில் அடுக்கினால் காட்சி முற்றிலும் வேறு. முன் ஆறு இலக்கங்கள் ஒன்றாகவே இருக்கும் அட்டைகள், ஒரே தொகை, சீரான இடைவெளி. ஒவ்வொரு முயற்சிக்கும் வங்கி பதிலாக அனுப்பும் மறுமொழிக் குறியீடுகளைப் படித்தால் கதை இன்னும் தெளிவாகும்: எண் செல்லாது என்று சொல்லும் 14 திரும்பத் திரும்ப வருகிறது, இடையே காலாவதியைக் குறிக்கும் 54, பிறகு திடீரென்று போதிய இருப்பு இல்லை என்று சொல்லும் 51. அந்த 51 அட்டைதாரருக்கு ஒரு மறுப்பு மட்டுமே. முயல்பவருக்கோ, இந்த அட்டை உயிரோடு இருக்கிறது என்ற செய்தி. மறுக்கப்பட்ட பரிவர்த்தனைகளைத் தரவுக் கிடங்கில் சேமிக்காமல் தள்ளிவிடும் அமைப்புகளில் இந்தக் கதை முழுவதும் காணாமல் போய்விடுகிறது; பணம் நகராததால் அது தேவையற்ற தரவு என்று நினைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

அண்மைக் காலத்தில் என்னை மிகவும் வருத்துவது வேறொரு வகை. இதில் அட்டை திருடப்படுவதில்லை, கடவுச்சொல் கசிவதில்லை. அதிகாரி என்றோ உறவினர் என்றோ முதலீட்டு ஆலோசகர் என்றோ நம்பவைத்து, கணக்குக்கு உரியவரையே அவருடைய சொந்தக் கைப்பேசியிலிருந்து பணத்தை அனுப்ப வைக்கிறார்கள். சாதனம் பழையது, இருப்பிடம் வழக்கமானது, ஓடிபி சரியாக உள்ளிடப்படுகிறது. ஆளைச் சரிபார்க்கும் எல்லா ஏற்பாடுகளும் இங்கே வெற்றி பெறுகின்றன, ஏனெனில் அவர் உண்மையிலேயே அவர்தான். ஆயினும் வரிசை பேசுகிறது: சேமிப்பு வைப்பு ஒன்று முதிர்வுக்கு முன்பே முறிக்கப்படுகிறது, தினசரி வரம்பு உயர்த்தப்படுகிறது, இதுவரை இல்லாத பெறுநர் சேர்க்கப்படுகிறார், சில நிமிடங்களில் இருப்பு முழுவதும் வெளியேறுகிறது. இந்த நான்கில் எதுவும் தனியாகக் குற்றம் அல்ல. நான்கும் இந்த வரிசையில், இந்த வேகத்தில் வருவதுதான் அச்சத்துக்குரியது. பணப் பரிமாற்ற அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இவற்றில் கடைசி ஒன்றுதான் கண்ணில் படும். வரம்பு மாற்றமும் பெறுநர் சேர்ப்பும் வேறு அமைப்பின் பதிவேட்டில் கிடக்கும். அவற்றை இணைத்துவைக்க ஒருவர் முன்வர வேண்டும்.

பணம் போய்ச் சேரும் பக்கத்தில் சான்று இன்னும் வலுவாக இருக்கிறது. மியூல் கணக்கு என்று சொல்லப்படும் இடைக்கணக்கில், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பலரிடமிருந்து பணம் வந்து, வந்த சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். நாள் முடிவில் இருப்பு ஏறத்தாழ பூஜ்யம். சம்பளம், வாடகை, மின்கட்டணம் போன்ற அன்றாட வாழ்வின் தடம் எதுவும் அதில் இருக்காது. கணக்குகளைப் புள்ளிகளாகவும் பரிமாற்றங்களைக் கோடுகளாகவும் வரைந்து, ஒரே சாதனத்திலிருந்து இயக்கப்படும் கணக்குகளை இணைத்துப் பார்த்தால், ஒரு கணக்கு பிடிபடும்போது அதைச் சூழ்ந்த பிற கணக்குகளும் வெளிச்சத்துக்கு வருகின்றன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, இவ்வாறு ஏமாற்றப்பட்டவர்களுக்கு 85,000 பவுண்டு வரை இழப்பீடு வழங்க வேண்டும். அச்செலவை அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் சரிபாதியாக ஏற்க வேண்டும். தன்னிடம் வந்து சேரும் பணத்தையும் கூர்ந்து கவனிக்க வேண்டிய பொருளாதாரக் காரணத்தை இந்த விதி பெறும் நிறுவனத்துக்கு உண்டாக்கியிருக்கிறது. பல ஆண்டுகளாகத் தொழில்நுட்பர்கள் சொல்லியும் நகராத ஒன்றை இத்தகைய விதி நகர்த்தும் என்று நான் நம்புகிறேன்.

இதுவரை சொன்னவற்றில், எது மோசடி என்று நமக்குத் தெரியும் என்பதை நான் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டேன். உண்மையில் அந்தத் தெளிவு தாமதமாகவும் குறையாகவுமே கிடைக்கிறது. அட்டைதாரர் தன் கணக்கு அறிக்கையைப் பார்த்து, இது நான் செய்ததல்ல என்று முறையிட்டு, அது சார்ஜ்பேக் ஆக, அதாவது வணிகரிடமிருந்து பணத்தை வங்கி திரும்பப் பெறும் நடவடிக்கையாக, மாறும் வரை அந்த வரி நேர்மையானதாகவே பதிவில் நிற்கும். முறையிடப் பொதுவாக 120 நாட்கள் வரை காலம் உண்டு. ஆகவே இன்று எடுக்கும் தரவில் கடைசி நான்கு மாதங்கள் இருப்பதைவிடத் தூய்மையாகத் தெரியும். மோசடி விகிதத்தை வரைபடமாக வரைந்தால் வலது ஓரத்தில் கோடு தானாகவே தாழ்ந்து போகும். அந்தத் தாழ்வைத் தங்கள் மாடலின் சாதனையாகக் காட்டும் அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். முதிராத மாதங்களைப் பயிற்சியிலிருந்தும் மதிப்பீட்டிலிருந்தும் விலக்கிவைப்பதே முறை.

வெஸ்டா தன் தரவுக்கு மோசடி என்ற முத்திரையை எவ்வாறு இட்டது என்பதைப் போட்டியின்போது விளக்கியது. அட்டையில் சார்ஜ்பேக் வந்திருந்தால் அது மோசடி. அதற்குப் பிறகு அதே பயனர் கணக்கு, மின்னஞ்சல் அல்லது முகவரியோடு இணைந்து வந்த பரிவர்த்தனைகளும் மோசடி. 120 நாட்கள் கடந்தும் எதுவும் வராவிட்டால் நேர்மையானது. நியாயமான விதிதான். ஆனால் சிறு தொகை போனதைக் கவனிக்காதவரும், கவனித்தும் அலைய விரும்பாமல் விட்டுவிட்டவரும் இதில் நேர்மையான பக்கத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். பொருளைப் பெற்றுக்கொண்டு பெறவில்லை என்று முறையிடுபவரும், வீட்டுப் பிள்ளை வாங்கியதை அறியாமல் முறையிடுபவரும் மறுபக்கத்தில் சேர்கிறார்கள். மாடல் கற்றுக்கொள்வது மோசடியை என்று சொல்வதைவிட, முறையீட்டை என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது.

தரவைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிரிக்கும் முறையும் இங்கே முக்கியம். பல பயிற்சிக் கட்டுரைகள் வரிகளைக் குலுக்கிப் பிரிக்கின்றன. அப்படிச் செய்தால், ஒரே திருட்டு அட்டையின் மூன்றாவது பரிவர்த்தனை பயிற்சியிலும் இரண்டாவது தேர்விலும் வந்துவிடும். எதிர்காலத்தைப் பார்த்துவிட்டுக் கடந்த காலத்தைக் கணிக்கும் மாடல் மிக நன்றாகவே தேறும். அரிதான மோசடி வரிகளைப் பெருக்க, 2002-இல் முன்வைக்கப்பட்ட ஸ்மோட் முறையால் செயற்கை வரிகளை உருவாக்கி, அதற்குப் பிறகு பிரிப்பது இதைவிடக் கேடானது. தேர்வில் வரும் வரியின் சாயலே பயிற்சியில் கலந்துவிடுகிறது. காலவரிசைப்படி பிரிக்க வேண்டும், இடையே முறையீட்டுத் தாமதத்துக்கு இடைவெளி விட வேண்டும், அந்த நொடியில் உண்மையாகவே கையில் இருந்திருக்கக்கூடிய எண்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மதிப்பெண் குறையும். குறைந்த அந்த மதிப்பெண்தான் நம்பத்தக்கது.

இந்த எண்களுக்குச் சட்ட மதிப்பும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி, அட்டை வழி இணையப் பரிவர்த்தனைகளில் மோசடி விகிதத்தை 0.13 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் நிறுவனம், ஆபத்து குறைந்தவை என்று தன் பகுப்பாய்வு சொல்லும் 100 யூரோ வரையிலான பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பைத் தவிர்க்கலாம். 250 யூரோவுக்கு அந்த வரம்பு 0.06 விழுக்காடு, 500 யூரோவுக்கு 0.01 விழுக்காடு. தரவை நன்றாகப் படிப்பவர் தன் வாடிக்கையாளரைக் குறைவாகத் தொந்தரவு செய்யும் உரிமையைப் பெறுகிறார் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

மறுக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க என்னால் முடியாது. அனுமதித்த பரிவர்த்தனை மோசடியாக இருந்தால் என்றாவது ஒரு நாள் முறையீடு வரும். தடுத்த பரிவர்த்தனை நேர்மையானதாக இருந்தால் எந்தப் பதிவும் வராது. மாடல் சந்தேகித்தது, தடுத்தது, தன் சந்தேகம் சரி என்றே அடுத்த முறையும் நம்புகிறது. வரலாறு குறைவாக உள்ளவர்கள், அதாவது அண்மையில் கணக்குத் தொடங்கிய இளைஞர்கள், நாடு மாறி வந்தவர்கள், பல ஆண்டுகள் ரொக்கத்தில் மட்டுமே வாழ்ந்தவர்கள் ஆகியோர்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள், ஏனெனில் அவர்களுடைய எந்தச் செயலும் அவர்களுடைய வழக்கத்தோடு ஒத்துப்போக வழியில்லை. மருந்துக்குப் பணம் செலுத்த முயன்று மறுக்கப்பட்டவருக்கு, மொத்தத்தில் இழப்பு குறைந்தது என்ற விளக்கம் ஆறுதல் தராது.

இதைச் சரிசெய்ய இரண்டு ஏற்பாடுகளை நான் எங்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தடுக்க வேண்டும் என்று மாடல் சொல்லும் சிறு தொகைப் பரிவர்த்தனைகளில் மிகச் சிறிய ஒரு பங்கைக் குலுக்கல் முறையில் அனுமதித்து, இழப்பை நிறுவனமே ஏற்று, அவற்றின் முடிவு என்ன என்று பார்ப்பது ஒன்று. மற்றது, வாடிக்கையாளரின் பதிலைத் தரவாக மதிப்பது. மறுக்கப்பட்டவர் தொலைபேசியில் அழைத்து, பணம் செலுத்தியது நான்தான் என்று உறுதிப்படுத்தினால், அந்தச் சொல் பல நிறுவனங்களில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் குறிப்பாகவே தங்கிவிடுகிறது. அந்தக் குறிப்பில் பரிவர்த்தனை எண், மறுப்புக்கு மாடல் கொடுத்த காரணம், வாடிக்கையாளர் தந்த உறுதி, உறுதி பெற்ற நேரம் ஆகிய நான்கையும் தனித்தனிப் புலங்களாகப் பதிந்து, பயிற்சித் தரவோடு பரிவர்த்தனை எண்ணால் இணைத்தால், அடுத்த பயிற்சியின்போது மாடல் தன் தவறான மறுப்புகளையும் சேர்த்தே கற்கும்.